கரண்ட் போனால் அப்பா தள்ளாடுகிறார்: உணர்ச்சி நரம்பு, இயக்க நரம்பு பற்றி உங்கள் அனுபவம் என்ன?

தாம்வே, ரங்கூன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. ரங்கூனில் கரண்ட் போவதும் வருவதும் நமக்குப் புதிதில்லை. ஆனால் போன மழைக்காலத்திலிருந்து, விளக்கு அணைந்த அந்த நொடியே அப்பா நின்ற இடத்தில் தள்ளாட ஆரம்பித்தார். இரண்டு முறை விழுந்தும்விட்டார். குளிக்கும்போதும் அப்படித்தான். தொட்டியில் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றக் கண்ணை மூடினால் போதும், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. வெளிச்சத்திலோ சந்தை வரை நடந்து போய் மீன் வாங்கி வருகிறார்! பார்வைதான் மங்குகிறது என்று நினைத்துக் கண் டாக்டரிடம் ஓடினோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் அப்பாவைப் படுக்க வைத்து, பாதத்துக்கு எதிரே தன் உள்ளங்கையை வைத்து, "தள்ளுங்கள் ஐயா" என்றார். அப்பா தள்ளிய வேகத்தில் டாக்டர் ஒரு அடி பின்னால் போனார். பலம் நன்றாக இருக்கிறது. பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கால் கட்டைவிரலைப் பிடித்து மேலும் கீழும் வளைத்தார். "இப்போது விரல் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?" அப்பா எல்லாவற்றுக்கும் "மேலே" என்றே சொன்னார். இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தால், அது அதிர்வதே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு வயிறு கலங்கியது. தன் கால் எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

டாக்டர் சொன்னது இதுதான். மூளையிலிருந்து தசைக்குக் கட்டளை கொண்டு போகும் இயக்க நரம்பு வேறு. தோல், மூட்டு, தசையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு வரும் உணர்ச்சி நரம்பு வேறு. அப்பாவுக்கு முதலாவது நன்றாக வேலை செய்கிறது, இரண்டாவது பழுதாகிவிட்டது. 15 வருடச் சர்க்கரை ஒரு காரணம். ரத்தத்தில் பி12 சத்தும் மிகக் குறைவு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அப்படிக் குறைவது உண்டாம். இப்போது ஊசி போடுகிறோம்.

இப்படி ஒன்று இருக்க இன்னொன்று போனவர்களை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? தயவுசெய்து எழுதுங்கள்.

பெகு பக்கத்து விவசாயி

தங்கச்சி, உங்கள் அப்பாவுக்கு நேர் எதிரானது எனக்கு நடந்தது. இதுவரை எங்கும் எழுதியதில்லை.

அறுவடை சமயம். களத்துக் குடிசையில் பாய் விரித்துத் தரையில் படுத்திருந்தேன். நடுராத்திரி விரலில் சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்துப் புரண்டு படுத்துவிட்டேன். விடியும்போது வயிற்றைப் பிசைந்தது. கொஞ்ச நேரத்தில் இமையைத் தூக்க முடியவில்லை. நம் வயலில் கண்ணாடி விரியன் கடித்தால் கடிவாய் வீங்கும், ரத்தம் உறையாது, சிறுநீர் நின்றுபோகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு வீக்கமே இல்லை. அதனால் பாம்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் மகன் பாயை உதறியபோதுதான் அடியிலிருந்து கட்டுவிரியன் ஊர்ந்து போனது.

ஊருக்கு ஊர் ஆள் ஏற்றிப் போகும் லைன் காரை மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியிலேயே எச்சில் விழுங்க முடியவில்லை. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு, ரப்பர் பையை அமுக்கி மூச்சு கொடுத்தார்கள். முதல் ராத்திரி முழுக்க அந்தப் பையை அமுக்கியது என் மைத்துனர்கள் இரண்டு பேர், மாற்றி மாற்றி.

அந்த ராத்திரி எனக்கு எல்லாம் கேட்டது. நெற்றியில் வியர்வை வழிவது தெரிந்தது. முதுகுக்கு அடியில் துணி மடிந்து உறுத்தியது. கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது. அந்தக் கடி முழுவதும் எனக்குத் தெரிந்தது, விரட்டத்தான் முடியவில்லை. உறவுக்காரர் ஒருவர் தலைமாட்டில் நின்று, "அவன் போய்விட்டான், பையை நிறுத்துங்கள், பாவம், எதற்கு உடம்பைப் போட்டு வதைக்கிறீர்கள்" என்றார். நான் இருக்கிறேன் என்று உள்ளே கத்தினேன். கண்ணீர்கூட வந்ததா என்று தெரியவில்லை.

என் மனைவிதான் காப்பாற்றினாள். காதருகே குனிந்து, "கேட்கிறதென்றால் எதையாவது அசையுங்கள்" என்றாள். முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் முதலில் போயிருந்தன. இந்த விஷம் மேலிருந்து கீழே இறங்குமாம். வலது கால் கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது ஒரு நூல் அளவு அசைந்தது. அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு பையை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஐந்தாம் நாள் இமை திறந்தது. பிறகு டாக்டரிடம் கேட்டேன். இயக்க நரம்பின் நுனிக்கும் தசைக்கும் நடுவே ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கிறது. அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் அதைத் தாண்டினால்தான் தசை சுருங்கும். கட்டுவிரியன் விஷம் அந்த இடத்தைத்தான் அடைக்கிறது. உணர்ச்சி நரம்பின் செய்தி அந்த வழியாகப் போவதே இல்லை, அதனால் எனக்கு வலியும் தெரிந்தது, கொசுவும் தெரிந்தது. மூச்சுக்கான உதரவிதானத் தசையும் கழுத்திலிருந்து இறங்கும் இயக்க நரம்பை நம்பித்தான் இருக்கிறது. அது நின்றால் மூச்சும் நின்றுவிடும். இதயத்துக்கு அந்தக் கட்டளை வேண்டாம், தானே துடிக்கும். நான் பிழைத்தது அதனால்தான்.

நம் பர்மாவின் வடக்கே கச்சின் பகுதியில், 2001 செப்டம்பரில், ஜோ ஸ்லோவின்ஸ்கி என்ற அமெரிக்கப் பாம்பு ஆராய்ச்சியாளர் கட்டுவிரியன் வகைப் பாம்பு கடித்து இறந்தார். காட்டுக்குள் மெஷின் ஏது? கூட இருந்தவர்கள் வாயோடு வாய் வைத்து மணிக்கணக்காக மூச்சு ஊதியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று என் மைத்துனர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தாம்வே, ரங்கூன்

அண்ணே, படித்துவிட்டு எழுதக் கை வரவில்லை. அண்ணியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவருக்குத் தந்தி வருகிறது, பதில் போகவில்லை. எனக்குப் பதில் போகிறது, தந்தி வரவில்லை" என்றார். அப்பா பழைய தபால்காரர்.

மோல்மீன், ஓய்வுபெற்ற நர்ஸ்

உங்கள் அப்பா சொன்னதைவிட நன்றாக எங்கள் நர்ஸிங் வகுப்பில்கூட யாரும் சொல்லவில்லை, மகளே.

இந்த இரண்டு வழியும் எங்கே பிரிகின்றன என்று சொல்கிறேன். முதுகுத்தண்டிலிருந்து 31 ஜோடி நரம்புகள் வெளிவருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர். பின் வேர் வழியாக உணர்ச்சி உள்ளே வருகிறது, முன் வேர் வழியாகக் கட்டளை வெளியே போகிறது. லண்டனில் சார்லஸ் பெல் என்ற டாக்டர் 1811-ல் இதில் ஒரு பாதியைத் தொட்டார். பாரிஸில் மஜாந்தி என்ற ஆராய்ச்சியாளர் 1822-ல் நாய்க்குட்டிகளின் வேர்களை அறுத்துப் பார்த்து முழுவதையும் காட்டினார். பின் வேரை அறுத்தால் குட்டிக்கு உணர்வு போயிற்று, முன் வேரை அறுத்தால் அசைவு போயிற்று. படிக்கும்போது அந்தக் குட்டிகளை நினைத்து எனக்கு மனசு கஷ்டப்பட்டது, இப்போதும்தான்.

வேர்கள் தனித்தனி. ஆனால் அவை சேர்ந்த பிறகு கைக்கும் காலுக்கும் ஒரே கொத்தாகத்தான் போகின்றன. அதனால் நடுவழியில் கொத்து அடிபட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். இதை நான் கண்ணால் பார்த்தது தொழுநோயாளிகளிடம். அந்தக் கிருமியை நார்வேயில் ஹான்சன் என்ற டாக்டர் 1873-ல் கண்டுபிடித்தார். அதற்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். அதனால் தோலை ஒட்டி ஓடும் நரம்புகளைத் தேடிப் பிடிக்கிறது. முழங்கையின் உள்பக்கம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று போகுமே, அந்த நரம்புதான். அது கயிறு மாதிரித் தடித்துப் போகும். முதலில் சுண்டுவிரல் பக்கம் மரத்துவிடும். பிறகு அதே நரம்பு ஆட்டுகிற சின்னத் தசைகள் வற்றி, விரல்கள் பருந்தின் கால்நகம் போல மடங்கிவிடும்.

என் பொறுப்பில் ஒரு பெரியவர் இருந்தார், நம் தமிழர்தான், மர ஆலையில் வேலை செய்தவர். சோற்றுப் பானையை வெறுங்கையால் இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டே இருப்பார். தோல் வெந்த வாசம் எங்களுக்கு வந்த பிறகுதான் அவர் கையைப் பார்ப்பார். அவருக்கு வலி இருந்திருந்தால் அந்தக் கை இருந்திருக்கும். வலி வரமாட்டேன் என்கிறதே என்று நான் அழுதது அவருக்காகத்தான்.

கண் அதைவிட மோசம். கருவிழியில் தூசி பட்டால் செய்தி கொண்டு போவது ஐந்தாவது மூளை நரம்பு. உடனே இமையை மூட வைப்பது ஏழாவது. தொழுநோய் இரண்டையும் கெடுக்கும். தூசி உறுத்தவும் செய்யாது, இமை மூடவும் மூடாது. அப்படிப் பார்வை போனவர்கள் பல பேர். 1980-களின் தொடக்கத்தில் கூட்டு மருந்து வந்த பிறகு, சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் இந்த நிலைமை பெரும்பாலும் வருவதில்லை.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மனிதன் நிற்பதற்கு மூன்று துணை வேண்டும்: கண், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, காலிலிருந்து வரும் உணர்வு. இரண்டு இருந்தால் சமாளிக்கலாம். அவருக்குக் கால் உணர்வு போய்விட்டது, கரண்ட் போனால் கண்ணும் போகிறது. பாதத்தில் இது முதலில் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. கால் விரலிலிருந்து மேலே போகும் நரம்பு இழைதான் உடம்பிலேயே நீளமானது. உயரமான ஆளுக்கு ஒரு மீட்டருக்கு மேல் வரும். எது நீளமோ அது முதலில் வாடும்.

தாட்டோன்

எனக்கு எழுத வருவது கொஞ்சம்தான். எங்கள் ஆச்சிக்குப் போன தை மாதம் அக்கி வந்தது. முதுகுத் தண்டில் ஆரம்பித்து, விலாவைச் சுற்றி வந்து, நெஞ்சு நடுவில் கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. செங்காவியால் அக்கி எழுதினோம். ஆச்சிக்கு எரிச்சல்தான் தாங்கவில்லை, ஆனால் மூச்சு விட, எழுந்து உட்கார ஒரு சிரமமும் இல்லை. இதுவும் நீங்கள் சொல்கிற பின் வேர்தானா, நர்ஸ் சயாமா?

மோல்மீன், ஓய்வுபெற்ற நர்ஸ்

ஆமாம் தம்பி, சரியாகப் பிடித்தீர்கள். சின்ன வயதில் வந்த சின்னம்மை கிருமி பின் வேரில் இருக்கும் முடிச்சுக்குள் பல வருடம் ஒளிந்திருக்கும். வயதானதும் ஒரு முடிச்சிலிருந்து கிளம்பி, அந்த ஒரு நரம்பு ஆளும் தோல் பட்டையில் மட்டும் கொப்புளமாக வரும். அந்தப் பட்டை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாது. செங்காவி எழுதுவது ஆச்சிக்கு ஆறுதல் என்றால் எழுதுங்கள். ஆனால் வைரஸை அடக்கும் மாத்திரையை முதல் 3 நாளுக்குள் தொடங்க வேண்டும். அடுத்த முறை யாருக்கு வந்தாலும் முதலில் டாக்டர். கண் பக்கம் வந்தால் அன்றைக்கே.

தாம்வே, ரங்கூன்

சயாமா, நீங்கள் சொன்ன மூன்று துணையை வைத்துத்தான் வீட்டை மாற்றிக்கொண்டிருக்கிறோம். அறையிலும் குளிக்கும் இடத்திலும் பேட்டரி விளக்கு வைத்தாயிற்று, கரண்ட் போனால் தானே எரியும். தொட்டிக்குப் பக்கத்தில் கம்பி பதித்தோம். அப்பாவுக்குக் கைத்தடி பிடிக்கவில்லை. கை விரலில் உணர்வு நன்றாக இருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்று கைத்தடி அந்தக் கைக்குச் சொல்லும் என்று விளக்கிய பிறகு சரி என்றார்.

நேற்று ராத்திரி ஏழரைக்கு விளக்கு போனது. பேட்டரி விளக்கு எரிய இரண்டு நொடி ஆயிற்று. அந்த இரண்டு நொடியும் நான் மூச்சு விடவில்லை. வெளிச்சம் வந்தபோது அப்பா சுவரில் விரல் நுனிகளை மட்டும் வைத்தபடி நேராக நின்றுகொண்டிருந்தார்.

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். அப்பா எப்போதும் போடுவது விரலிடுக்குச் செருப்பு. கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடக்கிறார். போன வாரம் ஒரு சின்ன ஆணி உள்ளங்காலில் இருந்ததை நான்தான் பார்த்தேன். பின்னால் வார் வைத்த செருப்பு நல்லதா, மூடிய ஷூ நல்லதா? இந்த வெயிலில் ஷூ என்றால் அவர் சம்மதிக்கமாட்டார்.