பாட்டா வீட்டு குரூப்: பத்திர ஃபோல்டர் திறந்து கிடந்த கதை

தக்கலை அத்தை: அருமனைத் தோட்டத்தை விற்கப்போவதாக யாராவது வெளியே சொன்னீர்களா? காலையில் ஒரு புரோக்கர் போன் செய்தார். சர்வே நம்பர், எத்தனை சென்ட், எல்லாம் சரியாகச் சொல்கிறார். பாட்டாவின் மலையாளப் பத்திரம் வரைக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குக் கையே ஓடவில்லை.

மார்த்தாண்டம் பெரியப்பா: விற்கிற பேச்சே இல்லையே.

குளச்சல் சித்தப்பா: பட்டா மாற்றத்துக்காகப் பத்திரம் எழுதுகிறவருக்கு, நம்ம பத்திரமெல்லாம் போட்டு வைத்திருக்கிற கூகுள் ட்ரைவ் ஃபோல்டர் லிங்கை அனுப்பினேன். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை மக்களே.

நான்: சித்தப்பா, தப்பு என்னுடையது. போன வருஷம் உங்கள் யார் போனிலும் திறக்கவில்லை என்றதும் அவசரத்தில் ஃபோல்டரை 'எனிஒன் வித் தி லிங்க்' என்று மாற்றினேன், அதுவும் எடிட்டராக. அப்படி வைத்தால் லிங்க் கிடைத்த யார் வேண்டுமானாலும் திறக்கலாம், நீ யார் என்று கூகுள் கேட்காது. அவர் அதை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்திருந்தால் போதும்.

பெங்களூர் தங்கச்சி: இப்போது இன்காக்னிட்டோவில், லாகின் இல்லாமல் பார்த்தேன் அண்ணா. பத்திரம் மட்டுமில்லை, அத்தையின் பாஸ்புக், எல்லாருடைய ஆதார், பெரியப்பாவின் செக் லீஃப், எல்லாம் அப்படியே திறக்கிறது!!

தக்கலை அத்தை: ஐயோ. அந்த மலையாளப் பத்திரத்தை யாராவது அழித்துவிட்டால்? 1956-க்கு முன்னால் நம்ம ஊர் திருவிதாங்கூரில் இருந்தபோது எழுதினது, மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கும்.

நான்: அசல் பெரியப்பாவின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது அத்தை. ஆனால் எடிட்டர் என்றால் ஃபைலின் பெயரை மாற்றலாம், ஃபோல்டரை விட்டே வெளியே எடுத்துவிடலாம். இதோ ஷேர் பட்டனைத் தொட்டு 'ரெஸ்ட்ரிக்டட்' ஆக்கிவிட்டேன். இனி பெயர் சேர்த்தவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். உங்கள் ஆறு பேரையும் ஜிமெயில் போட்டு வியூவராக, அதாவது பார்க்க மட்டும் முடிகிற மாதிரி, சேர்க்கிறேன்.

பெங்களூர் தங்கச்சி: அந்தப் பழைய லிங்க் இப்போது அனுமதி கேட்கிறது. ஆனால் பாஸ்புக் இன்னும் திறக்கிறதே?

நான்: ஆமாம், அதைப் பேங்குக்காகத் தனி லிங்க் போட்டு அனுப்பியிருந்தேன். ஃபோல்டரைப் பூட்டினாலும் அந்த ஃபைல் பூட்டாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ராத்திரிக்குள் முடித்துவிடுவேன்.

மார்த்தாண்டம் பெரியப்பா: ஏற்கனவே எடுத்துக்கொண்டவர்களிடம் இருப்பது?

நான்: அதைத் திரும்ப வாங்க முடியாது பெரியப்பா, அதுதான் எனக்கு மனசு உறுத்துகிறது. வியூவர்கூட டவுன்லோடு செய்யலாம், செட்டிங்ஸில் அதை நிறுத்திவிட்டேன், ஆனாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதைத் தடுக்க வழியில்லை. எல்லாரும் ஆதார் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கண் பதிவை, லாக் செய்துவிடுங்கள், செய்யத் தெரியாதவர்கள் என்னைக் கூப்பிடுங்கள். இனி வெளியே கொடுப்பதென்றால் மாஸ்க்டு ஆதார், கடைசி 4 எண் மட்டும் தெரிவது, அதையே கொடுங்கள்.

குளச்சல் சித்தப்பா: பத்திர எழுத்தருக்கு இப்போது திறக்கவில்லையாம், கூப்பிட்டுக் கேட்கிறார். என்ன சொல்ல?

நான்: அவருடைய ஜிமெயிலை மட்டும் வாங்கி அனுப்புங்கள். வேண்டிய மூன்று பத்திரத்தையும் தனி ஃபோல்டரில் போட்டு அவருக்கு வியூவராகத் தருகிறேன், வேலை முடிந்த அன்றைக்கே எடுத்துவிடுவேன்.

நான்: இப்போதே ஒரு மெயில் வந்திருக்கிறது, நம் பழைய ஃபோல்டருக்கு அனுமதி கேட்டு. பெயர் யாருக்கும் தெரிந்ததாக இல்லை.

குளச்சல் சித்தப்பா: எழுத்தர் முகவரி இது இல்லை.

தக்கலை அத்தை: கொடுக்காதே மக்களே.