ஹார்டுவேர் வாலட் வாங்கிய கதை: சுரண்டு அட்டையும் பால் கணக்கு நோட்டும்

திருப்பூரிலிருந்து

வாங்கிய பிட்காயினை எக்ஸ்சேஞ்சிலேயே, அதாவது வாங்கி விற்கும் தளத்திலேயே, விட்டுவைத்தால் போதும் என்றுதான் 2024 ஜூலை வரை நினைத்திருந்தேன். அந்த மாதம் 18-ஆம் தேதி வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. நம் கணக்கில் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய். என் காயின் அங்கே இல்லை. ஆனாலும் அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. நான் வைத்திருந்த இடத்திலும் சாவி என் கையில் இல்லையே.

சரி, சாவியை நம் கையிலேயே வைத்துக்கொள்ள உதவும் சின்னக் கருவியான ஹார்டுவேர் வாலட் வாங்கிவிடலாம் என்று தேடினேன். கம்பெனித் தளத்தில் விலை ஒன்று, கூரியரும் சுங்க வரியும் சேர்ந்தால் வேறு. அப்போதுதான் ஓர் ஆன்லைன் சந்தையில் "சீல் உடைக்காதது" என்று பாதி விலையில் ஒன்று கண்ணில் பட்டது. வாங்கினேன்.

பெட்டி கச்சிதமாக வந்தது. பிளாஸ்டிக் உறை சுருக்கமில்லாமல் இருந்தது. உள்ளே சாதனம், கேபிள், ஓர் அட்டை. அட்டையில் வெள்ளிப் பட்டை. பழைய ரீசார்ஜ் கார்டில் இருக்குமே, அதே மாதிரி. "சுரண்டிப் பாருங்கள், உங்கள் 24 மீட்புச் சொற்கள் இங்கே இருக்கின்றன" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் சுரண்டினேன். கடை மேசைக் கண்ணாடி மேல் வெள்ளித் தூள் உதிர, வரிசையாக 24 சொற்கள் தெரிந்தன. இவ்வளவு வசதி செய்து தந்திருக்கிறார்களே என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தேன்.

காயினை மாற்றுவதற்கு முன் பெங்களூரில் இருக்கும் அக்கா மகனை வீடியோவில் கூப்பிட்டேன். அட்டையைக் காட்டியதும் அவன் கேட்டது ஒரே கேள்வி. "மாமா, அந்தச் சொல்லெல்லாம் எங்கிருந்து வந்தது?"

"பெட்டியிலேயே இருந்தது."

"அப்படின்னா அதை அச்சடிச்சவனுக்கும் தெரியும் மாமா."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் விளக்கத் தேவையிருக்கவில்லை. உங்கள் பிட்காயின் அந்தக் கருவிக்குள் இருப்பதில்லை. அது இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் இருக்கிறது. கருவிக்குள் இருப்பது சாவி, அந்தச் சாவி பிறப்பது அந்த 24 சொற்களிலிருந்து. கருவி அழிந்தாலும் அந்தச் சொற்களைத் திரும்பப் போட்டால் அதே சாவி வந்துவிடும். அவற்றை 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து, உங்கள் கண்ணெதிரே, கருவியே குலுக்கி எடுத்துத் தன் திரையில் காட்ட வேண்டும். வேறு யாராவது எடுத்துக் கொடுத்தால் அது அவர்களுடைய வீட்டுச் சாவி. நான் காசு போட்ட மறுநிமிடம் அந்த அட்டையை அச்சடித்தவன் எடுத்திருப்பான்.

கருவியை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிப் பார்த்தேன். வேறு 24 சொற்கள் வந்தன. இதையே வைத்துக்கொள்ளலாமா என்று ஓர் ஆசை. அதற்கும் அக்கா மகன் ஒரு சம்பவத்தைச் சொன்னான். 2023-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ட்ரெசார் என்ற ஹார்டுவேர் வாலட்டின் போலி ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். வெளியில் ஸ்டிக்கர் முதல் எல்லாமே அசலைப் போல இருந்தது. உள்ளே பசையும் இருபக்க டேப்பும். சிப்பையே மாற்றியிருந்தார்கள். புதிய சொற்களை உருவாக்குவதாக அது காட்டும், ஆனால் முன்கூட்டியே எழுதி வைத்த 20 தொகுப்புகளில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுக்கும். அதன் உரிமையாளர் 1.33 பிட்காயினை இழந்தார். பணம் போன நேரத்தில் கருவி கணினியில் செருகப்படக்கூட இல்லை. அந்தக் கருவி, தன்னை இயக்கத் தொடங்கும் நிரலான பூட்லோடரின் பதிப்பு 2.0.4 என்று காட்டியது. அந்த எண்ணில் கம்பெனி எதையும் வெளியிட்டதே இல்லை.

கேட்டதும் கருவியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். பிராகாவின் ட்ரெசார் 2014-இல் வந்த முதல் ஹார்டுவேர் வாலட். அதன் நிரல் திறந்த நிரல், யாரும் படித்துப் பார்க்கலாம். ஆனால் பழைய மாடல்கள் திருடன் கையில் கிடைத்தால் ஆபத்து. கருவி 15 நிமிடம் கையில் இருந்தாலே சொற்களை உறிஞ்சிவிடலாம் என்று 2020 ஜனவரியில் கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் ஆய்வகம் செய்து காட்டியது. 2023-இல் வந்த ட்ரெசார் சேஃப் 3 மாடலில் தனிப் பாதுகாப்புச் சிப் சேர்த்தார்கள். பாரிஸின் லெட்ஜர் கம்பெனி வாலட்டுகளில் அந்தச் சிப் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் கருவிக்குள் ஓடும் நிரல் முழுவதும் திறந்ததில்லை. சொற்களைத் துண்டாக்கி வெளியே சேமித்துத் தரும் சேவை ஒன்றை 2023 மே மாதம் அவர்கள் அறிவித்தபோது பலரும் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு நியாயமானது என்பது என் எண்ணம். பிட்காயின் மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கனடாவின் கோல்டுகார்டும் சுவிட்சர்லாந்தின் பிட்பாக்ஸும் நல்ல தேர்வு. நான் சேஃப் 3 எடுத்தேன், கம்பெனித் தளத்திலேயே, முழு விலைக்கு.

ஒன்று மட்டும் கவனித்துக்கொண்டேன். வீட்டு முகவரி கொடுக்கவில்லை, கடை முகவரிதான். லெட்ஜரின் விற்பனைத் தகவல்கள் 2020-இல் கசிந்து, ஏறத்தாழ 2,72,000 வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இணையத்தில் கொட்டப்பட்டன. அதில் சிலர் வீட்டுக்குப் போலிக் கருவிகளே தபாலில் போயின. கிரிப்டோ வைத்திருக்கிறேன் என்று முகவரியோடு எழுதிக் கொடுப்பது சின்ன விஷயமில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். வாங்கிய பிறகு வந்த சிக்கல்களை முக்கியமாகச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து

அண்ணா, நீங்கள் வாங்கும் கதையை எழுதியிருக்கிறீர்கள். நான் திறக்கும் கதையை எழுதுகிறேன்.

அப்பா தவறிய பிறகு பீரோவில் சேலைகளுக்கு அடியில் பென்டிரைவ் போல ஒன்று கிடைத்தது. அது என்னவென்று எனக்கும் தம்பிக்கும் தெரியும். பின் நம்பர்தான் தெரியாது. அப்பாவின் பிறந்த வருடம், பழைய ஸ்கூட்டர் நம்பர், வீட்டுக் கதவு எண் என்று மூன்றைப் போட்டோம். மூன்று முறை தவறினால் தன்னை அழித்துக்கொள்ளும் வகை அது. அழித்துக்கொண்டது. அம்மா பயந்துபோய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அம்மாவே சொன்னார், "ஒருநாள் அப்பா ஏதோ இங்கிலீஷ் வார்த்தையாச் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்." அப்பாவுக்கு அப்போதே கை நடுங்கும். அவர் திரையைப் பார்த்துப் படிக்க, அம்மா பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். நோட்டு கிடைத்தது. 24 சொற்களும் இருந்தன, வரிசை எண்ணோடு. எல்லாம் தமிழ் எழுத்தில்.

இங்கேதான் மாட்டிக்கொண்டோம். பெரும்பாலான சொற்களில் குழப்பமில்லை. மூன்றில் மட்டும் நின்றுபோனோம். 5-ஆவது சொல் "பீஸ்". அமைதி என்ற பொருளில் வரும் பீஸா, துண்டு என்ற பொருளில் வரும் பீஸா? இரண்டும் அந்த 2,048-க்குள் இருக்கின்றன. 11-ஆவது "போன்". நாம் பேசுகிற போனா, எலும்பா? தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். 19-ஆவது "பேர்". ஜோடியா, பேரிக்காயா? அம்மாவிடம் கேட்டால், "அவர் சொன்னதை எழுதினேன்டி" என்கிறார். பாவம், அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

தம்பி கணக்குப் போட்டான். மூன்று இடம், இடத்துக்கு இரண்டு வாய்ப்பு, மொத்தம் எட்டு. கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருக்கிறது. 24 சொற்களில் ஒன்று மாறினாலும் பெரும்பாலும் கருவியே செல்லாது என்று சொல்லிவிடும். தவறான தொகுப்பு தப்பித்தவறிச் செல்லுபடியாக 256-இல் ஒரு வாய்ப்புதான். எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

கணினியில் தட்டினால் சீக்கிரம் முடியும். ஆனால் கணினியில் தட்டவே கூடாது என்று தம்பி பிடிவாதமாக நின்றான். கருவியில் இருந்ததோ இரண்டே பொத்தான்கள். ஒவ்வோர் எழுத்தாக உருட்டி, 24 சொல்லும் போட அரை மணி நேரம் ஆகும். முடிந்ததும் "செல்லாது" என்று வரும். திரும்ப முதலிலிருந்து. இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு நோட்டைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஐந்தாவது முறை ஏற்றுக்கொண்டது. துண்டு, எலும்பு, ஜோடி. அப்பா வாங்கி வைத்தது எல்லாம் அப்படியே இருந்தது. (அந்தச் சொற்களில் இப்போது எதுவும் இல்லை, அதனால்தான் இங்கே தைரியமாக எழுதுகிறேன்.)

இடையில் டெலிகிராமில் ஒருவர், "சொற்களை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள், பத்து நிமிடத்தில் எடுத்துத் தருகிறேன்" என்று அன்பாகத்தான் பேசினார். முதல் ராத்திரி மூன்று முறை தோற்ற களைப்பில் நான் அனுப்பக்கூடத் தயாராக இருந்தேன். தம்பி போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

கிரிப்டோவும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சந்தோஷம். வாரிசுச் சான்றிதழும் எங்களிடம் இருந்தது. ஆனால் அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் எந்த உத்தரவைக் காட்டி அந்தக் கருவியைத் திறந்திருப்போம்?

சிங்கப்பூரிலிருந்து

மதுரை அக்காவின் பதிவை இரண்டு முறை படித்தேன். எனக்கு நடந்தது சின்ன விஷயம்தான், ஆனால் கருவியைத் தேர்ந்தெடுக்க உதவும்.

நண்பனுக்குக் கொஞ்சம் பிட்காயின் அனுப்ப வேண்டியிருந்தது. அவன் வாட்ஸ்அப்பில் முகவரி அனுப்பினான். லேப்டாப்பில் அதைக் காப்பி செய்து ஒட்டினேன். வாலட்டின் திரையிலும் ஒரு முகவரி வந்தது, லேப்டாப்பில் இருந்ததும் அதுவும் ஒன்றேதான். பொத்தானை அழுத்தப் போனவன், ஏனோ போனை எடுத்து வாட்ஸ்அப்பில் இருந்ததோடு ஒப்பிட்டேன். தொடக்கம் ஒன்றாக இருந்தது. நடுவிலும் கடைசியிலும் முழுக்க வேறு. அறைத் தோழர்களோடு பகிர்ந்துகொண்ட அந்த லேப்டாப்பில், காப்பி செய்யும் முகவரியை நடுவில் மாற்றிவிடும் வைரஸ் குடியேறியிருந்தது.

கருவித் திரையைக் கணினித் திரையோடு ஒப்பிட்டுப் பயனில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முகவரி முதலில் எங்கே வந்ததோ அதோடு ஒப்பிட வேண்டும், முதல் நான்கு எழுத்தோடு நிறுத்தாமல் முழுவதும்.

பெரிய இடத்திலும் இதே ஓட்டைதான். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ திருடு போனது. அதை அனுப்ப ஒப்புதல் கையொப்பம் போட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலட் இருந்தது. இணையப் பக்கம் காட்டியது ஒன்று, உண்மையில் கையொப்பமானது வேறொன்று. என்ன ஏது என்று படித்துத் தெரிந்துகொள்ளும் வடிவில் கருவி அதைக் காட்டவில்லை. ஆகவே திரை பெரியதா, நம்மால் நிதானமாக வாசிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். நான் அதற்காகவே கருவியை மாற்றினேன்.

திருப்பூரிலிருந்து, மறுபடியும்

மதுரைத் தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கே வீட்டில் ஒத்திகை பார்த்தேன். வாலட்டில் இரண்டாயிரம் ரூபாய்க்குத்தான் போட்டிருந்தேன், மீதியை இன்னும் மாற்றவில்லை. கருவியை அழித்துவிட்டு, சொற்கள் எழுதிய தாளை மனைவியிடம் கொடுத்து, "நான் இல்லை என்று வைத்துக்கொள், நீயே திற" என்றேன். அப்படிப் பேசாதே என்று கோபித்துக்கொண்டாள், ஆனாலும் உட்கார்ந்தாள்.

ஒன்பதாவது சொல்லில் நின்றுவிட்டாள். என் கையெழுத்தில் 'யு'வும் 'என்'னும் ஒரே மாதிரி இருந்தன. எழுதிய எனக்கே சந்தேகம் வந்தது. பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக வராது என்பதால் கண்டுபிடித்துவிட்டோம். ஆனாலும் அன்று இரவே எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் புதிதாக எழுதினேன்.

இன்னொன்று. கூடுதல் பாதுகாப்புக்கு என்று 25-ஆவது சொல்லாக நானே யோசித்த ஒரு ரகசியச் சொல்லும் (பாஸ்ஃபிரேஸ்) போட்டிருந்தேன். என் மண்டைக்குள் மட்டும் இருந்தது அது. எடுத்துவிட்டேன். எனக்கு அடுத்து திறக்கப் போகிறவளுக்குத் தெரியாத பூட்டு எதற்கு?

தாள் நனையும், மை மங்கும், அதனால் இரும்பில் பொறிக்கலாமே, பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருபவரிடம் கொடுக்கலாமா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். தயவுசெய்து வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கண்ணில் அந்தச் சொற்கள் படக்கூடாது. நான் கோயம்புத்தூரில் எழுத்துப் பஞ்ச் செட் ஒன்று வாங்கி, ஸ்டீல் தகட்டில் சுத்தியலால் அடித்தேன். சொல்லுக்கு நான்கு எழுத்து போதும் என்பதால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. தகடு ஒன்று இங்கே, இன்னொன்று அக்கா வீட்டில்.

தங்கச்சி, அந்தப் பால் நோட்டை இப்போது என்ன செய்தீர்கள்?

மதுரையிலிருந்து

புதுக் கருவி வாங்கி, புதுச் சொற்களை உருவாக்கி, அப்பாவுடையதையெல்லாம் அதற்கு மாற்றினோம் அண்ணா. இந்த முறை ஆங்கிலத்தில் நான் எழுத, தம்பி சரிபார்த்தான். எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியும். பழைய சொற்கள் இருந்த பக்கத்தைக் கிழித்து எரித்துவிடலாம் என்றேன். இனி அதில் ஒன்றும் இல்லையே, இருக்கட்டும் என்று அம்மா நோட்டை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார். அப்பா சொல்லச் சொல்ல எழுதியது அது ஒன்றுதானாம்.