2011-ல் பிளஸ் டூ படித்த கடலூர்க்காரர்களே, உதவுங்கள்

வணக்கம். டீன் ஏஜ் பிள்ளைகள் படிக்க ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் காதல்தான் கதை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வீட்டுப் பெண், தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பையன். கடலூர் டியூஷனில் பழக்கம். ஒரு அத்தியாயம் அவள் சொல்வாள், அடுத்தது அவன்.

2011 டிசம்பர் 30 காலை 'தானே' என்ற புயல் கரையைக் கடக்கிறது. அதுவரை அவனுக்கு அவள் வசதியான வீட்டுப் பெண். பிறகு தேடிப் போனால், தோப்பு முழுக்க வேரோடு சாய்ந்து கிடக்கிறது. அவள் அப்பா விழுந்த மரத்தின் மேலேயே பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அங்கேதான் அவன் பார்வை மாறுகிறது.

அவள் மனசுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. புதுக் கன்று நட்டுக் காய்க்க வருஷக்கணக்காகும். வீட்டில் பணம் முடைப்பட்டால் முதலில் கை வைப்பது பெண்ணின் காலேஜ் படிப்பில்தானே? அப்போது காதல் அவளுக்கு என்னவாக இருந்திருக்கும்? அந்த ஊர்ப் பெண்கள் அவசியம் எழுதுங்கள்.

கரண்ட் இல்லாத அந்த நாட்களில் செல்போனுக்கு எங்கே சார்ஜ் போட்டீர்கள்? வேண்டியவர்கள் நலமா என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? பஸ் எப்போது ஓடியது, ஸ்கூல் எப்போது திறந்தது? கமெண்டில் சொல்லத் தயக்கமென்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். பெயர் எங்கும் வராது.