பசியைப் பற்றி ருமேனியர்கள் பேசும் பேச்சு: உதவி தேவை

வணக்கம். ருமேனிய மொழி பேசிப் பழகியவர்கள் யாராவது கொஞ்சம் உதவுங்கள்.

புக்கரெஸ்ட்டில் ஒரு சமையலறையில் வேலை செய்கிறேன். 'மியெ ஃப்வாமே', அதாவது எனக்குப் பசிக்கிறது, சுலபமாகவே வந்துவிட்டது. நம்மைப் போலவே அவர்களும் 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறார்கள். ஆனால் கூட வேலை பார்ப்பவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. மதியம் சோர்பா (அவர்களின் புளிப்பு சூப்) சட்டியைத் திறந்ததும் ஒருவர் 'ஃப்வாமே தெ லுப்' என்பார், ஓநாய்ப் பசி. இன்னொருவர் வயிற்றைத் தடவிக்கொண்டே 'இம் கியொரயெ மட்செலெ' என்பார், குடல் இரைகிறதாம். எனக்கு ரொம்பப் பிடித்தது 'மியெ ஓ ஃப்வாமே தெ நு வத்'. கண்ணே தெரியாத அளவுக்குப் பசி. ஊரில் அம்மா 'பசி கண்ணை அடைக்குது' என்பார், அதேதான்!

இப்போது என் சந்தேகம். குடல் இரைவதைப் பற்றி வீட்டுக்காரப் பாட்டியிடம் சொல்லலாமா, மரியாதைக் குறைவாக இருக்குமா? பசியில் வாடியவர் என்பதற்கு 'ஃப்லமுந்த்', 'லிஹ்னித்' என்று இரண்டு சொல் கேட்கிறேன், அன்றாடப் பேச்சில் எதை எப்போது சொல்வார்கள்? அப்புறம், சிட்டுக்குருவி சோளமாவைக் கனவு காணும் என்றொரு பழமொழி உண்டே, 'வ்ராபிய மலாய் விசெயஸ'. அதை இளைஞர்கள் இன்னும் சொல்கிறார்களா?

உச்சரிப்பைக் குரல்பதிவாக அனுப்பினால் பெரிய உதவி. சாப்பாட்டு வேளையில் அவர்களோடு சரளமாகப் பேச வேண்டும் என்று மிகவும் ஆசை.