பஃப் பேனலுக்குள் பிடித்த தீயும் சுவருக்குள் இருந்த நுரையும்: உங்கள் அனுபவம் என்ன?

தூத்துக்குடிக்காரன்:
மூன்று ஆண்டுகளாகியும் அந்த ஈரத்துண்டு என் நினைவை விட்டு அகலவில்லை. மீன் பதனிடும் ஆலையொன்றின் குளிர்பதன அறைக்குள் குழாய் தாங்கி ஒன்றுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தோம். அறையின் சுவரெல்லாம் பஃப் பேனல், அதாவது இரண்டு தகரங்களுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை நிரப்பிய பலகை. குழாய் நுழையும் துளையை அடைக்காமல் விட்டிருந்ததால், பொறி அதன் வழியே தகரத்துக்குள் இறங்கிவிட்டது. வெளியே சுவாலையே தெரியவில்லை. இணைப்புகளில் புகை கசிந்தது, நாங்கள் ஊற்றிய தண்ணீர் முழுவதும் தகரத்தில் வழிந்து தரையில் ஓடியது. உள்ளே கேஸ் சிலிண்டர் இருக்கிறதே என்று உதவியாளர் தம்பி துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு ஓடினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இழுத்து வந்து கிடத்தியபோது உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை, சட்டையில் கருகல் இல்லை, மூக்கோரத்தில் மட்டும் கரி. துண்டு அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஈரத்துணி கரித்துகளைத்தான் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அதன் வழியே தாராளமாகப் போகும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஸ்காபரோவாசி:
நெருப்பே இல்லாமல் என்னைப் பயமுறுத்திய வாயுவைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் புதிய பிளக் வைப்பதற்காகச் சுவரைத் துளைத்தபோது, தொட்டால் மாவாக உதிர்கின்ற வெண்ணுரை கையில் கொட்டியது. யூரியா ஃபார்மால்டிஹைடு நுரை, ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவைக் கசியவிடும் பொருள். 1970களில் குளிரைத் தடுக்க அரசு மானியத்தோடேயே கனடிய வீடுகளின் சுவர்களுக்குள் செலுத்தப்பட்டு, பின்னர் கண்ணெரிச்சல், மூச்சுத் தொல்லை என்று முறைப்பாடுகள் வந்ததால் 1980 டிசம்பரில் தடைசெய்யப்பட்ட அதே பொருள். மனைவி அன்றிரவே பிள்ளைகளைத் தமக்கை வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். காற்றைப் பரிசோதித்தவரோ, இத்தனை ஆண்டுகளில் அந்த வாயு பெரும்பாலும் வெளியேறி முடிந்திருக்கும், சுவரில் ஈரம் ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஃபார்மால்டிஹைடு சற்றுக் கூடுதலாக இருந்த இடம், நாங்கள் ஆசையாக வாங்கிய, மரத்தூளைப் பசையால் ஒட்டிச் செய்த புதிய பலகை அலமாரிக்குள்தான்.

லண்டன் பொறியாளர்:
ஸ்காபரோவாசி அவர்களே, வாயு வெளியேறி முடிந்த பழைய நுரையையும் எரிகின்ற நுரையையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். முன்னது கண்ணைக் கரிக்கும், பின்னது சில நிமிடங்களில் ஆளைச் சாய்க்கும். 2017 ஜூன் 14 அன்று இங்கே லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பற்றி 72 பேர் மாண்ட பிறகு எங்கள் குடியிருப்பின் வெளிச்சுவரையும் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே எரியக்கூடிய நுரைப்பலகை. அதை அகற்றும்வரை தீப்பிடித்தால் ஊதி எச்சரிப்பதற்காக இரவு முழுவதும் ஒருவர் ஊதுகுழலோடு மாடி மாடியாக நடந்தார். அவருடைய காலடிச் சத்தம் நின்றால் எனக்கு விழிப்பு வந்துவிடும்.

தூத்துக்குடிக்காரர் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பாலியூரித்தேனிலும் அதன் உறவான பி.ஐ.ஆர். நுரையிலும் நைட்ரஜன் இருப்பதால், எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். கிரென்ஃபெல்லில் தப்பியவர்கள் சிலருக்குச் சயனைடு முறிமருந்து கொடுக்க நேர்ந்தது. தீத்தடுப்பு ரசாயனம் கலந்த நுரை என்று விற்பனையாளர் சொன்னால் நிம்மதியடைய வேண்டாம். அது பற்றிக்கொள்வதைத் தாமதப்படுத்துமே ஒழிய, பற்றிய பின் வரும் புகையை நல்லதாக்காது. இங்கிலாந்தில் 2018 இறுதியிலிருந்து, 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருளுக்கே இடமில்லை. ஆகவே நுரைக்குப் பதிலாக, கல்லை உருக்கி இழையாக்கிய எரியாத ராக் வூல் போடுங்கள். வீட்டுக்குள் நுரை இருந்தே தீரவேண்டுமென்றால் அதன்மேல் ஜிப்சம் பலகை அடித்து மூடுங்கள். துளைகளைத் தீத்தடுப்புப் பசையால் அடையுங்கள். வெல்டிங் முடிந்த பிறகும் ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே நின்று கவனிக்க வேண்டும்.

தூத்துக்குடிக்காரன்:
ராக் வூலை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். பஃப் 100 மில்லிமீட்டரில் தடுக்கும் வெப்பத்தை அது தடுக்க ஏறத்தாழ 170 மில்லிமீட்டர் தேவை. குளிர்பதன அறையில் நீர்க்கசிவு புகுந்தால் அதுவும் கெட்டுவிடும். இதை முதலாளியிடம் எடுத்துச் சொல்லி ஒப்புதல் வாங்கிப் பாருங்கள். நாங்கள் வெல்டிங்கையே அறையிலிருந்து வெளியேற்றிவிட்டோம். தாங்கிகளை முற்றத்தில் செய்து, உள்ளே போல்ட் போட்டு முடுக்குகிறோம். துளைகளை அடைக்கும் வேலையை அந்தத் தம்பியே கேட்டு வாங்கிக்கொண்டார். அடைத்த பின் ஒவ்வொன்றின் மேலும் டார்ச் லைட் அடித்துப் பார்க்காமல் அவர் அறையை விட்டு வருவதில்லை.