சிறுவிடைக்கு இனச்சேவல்: தீனியும் கழிப்பும்

சிறுவிடை என்கிற சிறிய நாட்டுக்கோழி மந்தையில், குஞ்சு எடுப்பதற்காக விடுகிற இனச்சேவலுக்கும் முட்டைக்கோழித் தீவனத்தையே கொட்டுவதுதான் நம் பக்கம் அதிகம் நடக்கிற தப்பு. அதில் கால்சியம் 3.5 முதல் 4 விழுக்காடு இருக்கும். முட்டையிடாத சேவலுக்கு 1 விழுக்காடே தாராளம். மிச்சத்தை வெளியேற்றுகிற பாரம் சிறுநீரகத்தின் மேல் விழும். மாதக்கணக்கில் தின்ற சேவல் வாடிச் செத்தால் அறுத்துப் பாருங்கள், ஈரல் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். மொத்த மந்தைக்கும் கால்சியம் குறைந்த தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால் பெட்டைகள் வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

10 கிலோ கலவைக்கு: கம்பு 3.3, மக்காச்சோளம் 3.3, தவிடு 2, கடலைப் புண்ணாக்கு 1.2, தாது உப்புக் கலவை 0.2 கிலோ. புரதம் 14 விழுக்காட்டை ஒட்டி வரும், இனச்சேவலுக்கு அது போதும். புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடை லேசாக இருந்தாலும் வேண்டாம், அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்கள் உப்பில்லாக் கருவாடாகப் பார்த்து வாங்குங்கள்.

அளவு சிறுவிடைச் சேவலுக்கு நாளுக்கு 80 முதல் 100 கிராம், மேய்ச்சல் நன்றாக இருந்தால் இன்னும் குறைவு. ஆனால் வைத்த தீனி சேவல் வயிற்றுக்குள் போகிறதா என்பதுதான் கேள்வி. நல்ல சேவல் தானியத்தைக் கண்டால் கொக் கொக் என்று பெட்டைகளைக் கூப்பிட்டு, தான் தின்னாமல் நிற்கும். பருவத்தில் அதனாலேயே இளைக்கும். காலையில் திறந்துவிடுமுன் பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து, பாதித் தீனியை அங்கேயே கொடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை இருட்டியதும் கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்தி மாதிரி குத்தினால் இளைப்பு. எலும்பே தட்டுப்படாமல் சதை மேடாக இருந்தால் கொழுப்பு. அது பெட்டையைச் சரியாக மிதிக்காது, அதாவது இணை சேராது. பாதாம், அவித்த முட்டை எல்லாம் சண்டைக்கு விடுகிற கட்டுச்சேவலின் தீனி. இங்கே அதற்கு வேலையில்லை.

*

அண்ணன் தீனியைச் சொல்லிவிட்டார், நான் கழிப்பை, அதாவது இனத்துக்கு ஆகாததை ஒதுக்குவதைச் சொல்கிறேன். நிறத்தைப் பார்த்து எடுப்பதை நிறுத்தினாலே மந்தை பாதி தேறும். எட்டாவது, பத்தாவது வாரத்தில் முதல் கழிப்பு: கோணல் விரல், ஒட்டாத அலகு, வளைந்த நெஞ்செலும்பு, இறகு மூட நாளான குஞ்சு. ஆறு மாதத்தில் இரண்டாவது. அப்போது நடை, கால் இடைவெளி, மனிதரைக் கண்டால் பாய்கிறதா என்று பாருங்கள். பாய்கிற சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கறிக்குத்தான்.

முட்டையும் அடையும் சேவல் உடம்பில் தெரியாது. தாயைப் பாருங்கள், கூடப் பிறந்த வெடைகளை, அதாவது இளம் பெட்டைகளைப் பாருங்கள். ஒழுங்காக அடை உட்கார்ந்து குஞ்சைக் கரையேற்றிய கோழியின் மகனே எனக்கு முதல் தேர்வு.

கொண்டை பற்றி ஒரு குழப்பம் எப்போதும் வரும். சிறுவிடைக்குக் கத்திப்பூ, அதாவது ஒற்றை வரிசையில் நிமிர்ந்த கொண்டை. மூன்று வரிசையாகத் தாழ்ந்து படிந்த கொண்டையோடு குஞ்சு வந்தால் பெருவிடை என்கிற பெரிய நாட்டுக்கோழியின் கலப்பு என்று சந்தேகப்படலாம். அந்தக் கொண்டை ஓங்கிய குணம், வெளியே தெரியாமல் ஒளிந்து அடுத்த தலைமுறைக்குப் போகாது. தாய் தகப்பனில் ஒன்றிலாவது கண்ணுக்குத் தெரியும், எனவே கழிப்பது சுலபம். பெருவிடை மந்தையில் கத்திப்பூ குஞ்சு வந்தால் கதையே வேறு: தாய், தகப்பன் இரண்டுமே அதை மறைத்து வைத்திருந்தன என்று அர்த்தம். சேவலை மட்டும் மாற்றினால் தீராது.

மகளோடு தகப்பனை விடாதீர்கள், பொரிப்பு இறங்கும். மூன்று கூண்டு வைத்து, பெட்டைகளைத் தாய் இருந்த கூண்டிலேயே நிறுத்தி, ஒவ்வொரு பருவமும் சேவல் குஞ்சுகளை அடுத்த கூண்டுக்குத் தள்ளுங்கள். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை. பெருவிடை என்றால் 5, 6 போதும். பெட்டை முதுகு மொட்டையானால் பெட்டைகளின் எண்ணிக்கை குறைவு, இல்லையென்றால் சேவலின் கால் முள் நீளம்.

*

கூமுட்டை என்றதும் சேவலை விற்கிறவர்களுக்கு: ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். முழுக்கத் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கரு கூடவில்லை, சேவலைச் சந்தேகிக்கலாம். உள்ளே ரத்த வளையம் இருந்தால் கரு கூடிச் செத்திருக்கிறது. சேவல் மிதித்திருக்கிறது, முட்டையை வைத்திருந்த விதத்தையும் அடைச் சூட்டையும் பாருங்கள்.

சேவலுக்கு விந்து தயாராக இரண்டு வாரம் ஆகும். கத்திரி வெயிலிலோ காய்ச்சலிலோ அடிபட்ட சேவலின் முட்டைகள், அது தேறி நன்றாகக் கூவும்போதும் கூமுட்டையாகவே வரலாம். இன்னொன்று: பழைய சேவலின் விந்து பெட்டை வயிற்றில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு கிடக்கும். சேவல் மாற்றியவர்கள் பழையதை எடுத்த நாளிலிருந்து மூன்று வாரத்து முட்டையைச் சமையலுக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகே அடைக்கு எடுங்கள்.