தமிழ்ப் பாட்டு ஏன் கச்சேரியின் கடைசியிலேயே வருகிறது?

வடக்குவீதி:
நேற்று எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் கச்சேரி, இரண்டரை மணி நேரம். தொடக்கத்தில் பாடும் வர்ணத்திலிருந்து நடுவில் வரும் முக்கிய உருப்படி வரை ஒரு தமிழ்ப் பாட்டுகூட இல்லை. மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில் ராம நாடகம் எழுதிய அருணாசலக் கவிராயரின் 'எப்படி மனம் துணிந்ததோ சுவாமி' வந்தது. அதுவரை தூணில் சாய்ந்திருந்த என் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னை விட்டுவிட்டுக் காட்டுக்குக் கிளம்பும் ராமனிடம் சீதை கேட்கிற கேள்வி அது. உசேனி ராகத்தில் அந்தச் 'சுவாமி' இழைந்தபோது அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதைத் துக்கடா, கடைசியில் பாடும் சின்ன உருப்படி என்று ஒதுக்க எப்படி மனம் வருகிறது? தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் வேண்டும் என்று தமிழ் இசைச் சங்கம் 1943-இல் தொடங்கியது. 80 ஆண்டு தாண்டியும் அதே கோரிக்கையோடு நிற்கிறோம்.

தம்புரா:
ஐயா, தமிழுக்கு இடம் கேட்பதற்காக, கச்சேரிகளில் அதிகம் பாடப்படும் தியாகராஜரை வெளியாள் ஆக்காதீர்கள். திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்து மறைந்தவர். பாடியது தெலுங்கில் என்றாலும் அந்தப் பாட்டு காவிரிக்கரையில் விளைந்தது, நம்முடையதுதான். இன்னொன்று, அவர் கிருதிகளை, அதாவது பாடல்களை, வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் சீடர்கள், ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் சங்கதிகளோடு, சங்கதி சங்கதியாகக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அவருக்கு முன்பே தமிழில் பாடிய முத்துத்தாண்டவருக்கும் மாரிமுத்தாப் பிள்ளைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. சொல் தங்கியது, பழைய மெட்டு போய்விட்டது. சங்கதிகள் அடுக்கடுக்காக வளர்ந்த கிருதியைத்தான் பாடகர் நடுவில் வைப்பார். இதில் மொழிப் பகை ஏது?

வடக்குவீதி:
மெட்டு போனால் புதிதாகப் போடலாமே. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவை 30 பாட்டுக்கும் மெட்டமைத்தார், இன்று மார்கழியில் அவை ஒலிக்காத ஊர் உண்டா? சங்கதி தானாக முளைக்காது. மேடையில் திரும்பத் திரும்பப் பாடினால்தான் வளரும். கடைசி ஐந்து நிமிடத்தில் எங்கே வளர்வது?

பாட்டு டீச்சர்:
20 வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், என் அனுபவத்தைச் சொல்கிறேன். தெலுங்குக் கிருதியை அவர்கள் தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொள்கிறார்கள். நமக்கு ஒரே 'க', அங்கே நான்கு. அதனால் எழுத்தின் தலையில் சின்னதாக 2, 3, 4 போடச் சொல்வேன். 'நிதி சால சுகமா'வில் ஒரு சிறுமி 2 போட மறந்துவிட்டு, வீட்டுக்கு வந்தவரை நலம் விசாரிப்பது போல 'சுகமா' என்று பாடினாள். செல்வம் பெரிய சுகமா, ராமன் சன்னிதியில் சேவை செய்வது சுகமா என்று தியாகராஜர் கேட்கிறார் என்று பொருள் சொன்னேன். அப்புறம் அவள் பாடிய கல்யாணி ராகமே வேறு.

ஆனால் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் பாட்டு 'வருகலாமோ' சொல்லிக்கொடுத்த அன்று நான் பொருள் சொல்லவே இல்லை. மாஞ்சி ராகத்தில் இரண்டு வரி போவதற்குள் ஒரு பையன் நிறுத்திவிட்டு, "டீச்சர், நந்தனாரை ஏன் உள்ளே விடவில்லை?" என்று கேட்டான். அன்றைக்கு வகுப்பு அந்தக் கேள்வியோடே போயிற்று. பாட்டு நேராக மனதுக்குள் போவது என்றால் இதுதான். முதலில் தமிழ், பிறகு தெலுங்கு என்பதே என் வழி.

தம்புரா:
டீச்சர் சொல்வதை மறுக்க மாட்டேன். 'வருகலாமோ'வை யாராவது நடுவில் வைத்து, ராக ஆலாபனை, ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலோடு பாடட்டும், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். அதற்காகத் தியாகராஜர் கிருதி ஒன்றைக்கூடக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன்.

வடக்குவீதி:
சரி, இருப்பது இரண்டரை மணி நேரம். எதையும் குறைக்காமல் அந்த இடம் எங்கிருந்து வரும்? அதைச் சொல்லுங்கள்.